ராக் இசைக்குழுவில் கீபோர்டு கலைஞர்: முதல் பயிற்சியிலிருந்து ஒப்பந்தம் வரை

கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், ஒரு குரல் ஆகிய நான்கும் சேர்ந்தாலே ராக் இசைக்குழு முழுமை பெற்றுவிடும். கீபோர்டே இல்லாமல் உலகப் புகழ் பெற்ற குழுக்கள் பல உண்டு. ஆகையால் கீபோர்டு வாசிக்க வருபவருக்கென்று யாரும் முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைத்திருப்பதில்லை. குழுவின் ஒலியிலும், மேடையிலும், பிற்பாடு ஒப்பந்தத்தாளிலும் அவர் தமக்குரிய இடத்தைத் தாமே கண்டறிந்து உறுதி செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பியானோ கலைஞர் இயன் ஸ்டூவர்ட், 1963 ஆம் ஆண்டில் குழுவின் அதிகாரபூர்வ உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். ஆயினும் 1985 இல் மறையும் வரை அவர்களுடைய பயண ஏற்பாடுகளைக் கவனித்துக்கொண்டும், அவர்களுக்காகப் பியானோ வாசித்துக்கொண்டும் உடனிருந்தார். 1989 இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அக்குழு சேர்க்கப்பட்டபோதுதான் அவர் பெயரும் உறுப்பினராக இடம்பெற்றது. இத்துறைக்குப் புதிதாக வருவோர் இந்த வரலாற்றைத் தொடக்கத்திலேயே அறிந்திருப்பது நல்லது என்று கருதுகிறேன். கீழே வரும் படிகள் அனைத்தும் அந்த இடத்தை எவ்வாறு பெறுவது, பெற்றதை எவ்வாறு காப்பது என்பதைப் பற்றியவை.

முதல் படி: ஒலிகளின் பூர்விகத்தை அறிதல்

இன்றைய கீபோர்டு ஒன்றில் நூற்றுக்கணக்கான ஒலிகள் இருக்கின்றன. அவற்றுள் ராக் இசைக்குப் பயன்படுபவை பெரும்பாலும் ஐந்து குடும்பங்களுக்குள் அடங்கிவிடும்: பியானோ, எலக்ட்ரிக் பியானோ, ஆர்கன், மெல்லோட்ரான், மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சின்தசைசர். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் தனித்தனிக் கருவியாக, தனக்கே உரிய பலத்தோடும் குறையோடும் இருந்தது. அந்தக் கருவி எப்படி இயங்கியது என்பதை அறியாமல் அதன் ஒலியை மட்டும் பொத்தானை அழுத்தி வரவழைப்பவரின் வாசிப்பு, எந்தக் குடும்பத்து ஒலியை எடுத்தாலும் பியானோவைப் போலவே அமைந்துவிடுகிறது.

ஹேமண்ட் ஆர்கனை எடுத்துக்கொள்வோம். 1935 இல் விற்பனைக்கு வந்த இக்கருவியில் பற்சக்கரம் போன்ற உலோகச் சக்கரங்கள் சுழன்று மின்காந்த முறையில் ஒலியை உண்டாக்குகின்றன. கட்டையை மென்மையாக அழுத்தினாலும் பலமாக அழுத்தினாலும் ஒலியின் அளவு மாறுவதில்லை. கூட்டுவதும் குறைப்பதும் வலது பாதத்தின் கீழுள்ள பெடலின் வேலை. கட்டையிலிருந்து விரலை எடுத்த கணமே ஒலி நின்றுவிடும். பியானோவில் இருப்பது போல ஒலியை நீட்டித் தரும் பெடல் அதில் கிடையாது. எனவே ஒரு கார்டிலிருந்து, அதாவது ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டிலிருந்து, அடுத்த கார்டுக்கு அறுபடாமல் செல்ல, அழுத்திய கட்டையை விடாமலேயே விரல் மாற்றும் பழக்கம் தேவைப்படுகிறது. ஒலியின் நிறத்தை நிர்ணயிப்பவை ஒன்பது இழுப்புக் கம்பிகள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவற்றை இழுத்தும் தள்ளியும் நிறத்தை மாற்றலாம். இதனுடன் இணைக்கப்படும் லெஸ்லி என்னும் சுழலும் ஒலிபெருக்கி, மெதுவாகச் சுழலும்போது ஒருவித அசைவையும் வேகமாகச் சுழலும்போது நடுக்கத்தையும் தருகிறது. ஒரு வேகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் அந்த ஓரிரு நொடிகளில்தான் ஆர்கன் கலைஞரின் உணர்ச்சி முழுவதும் வெளிப்படுகிறது என்பது என் அனுபவம். டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்டு தம் ஹேமண்டை மார்ஷல் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் வழியாகச் செலுத்தி வாசித்தார். கிட்டாரின் கரகரப்புக்கு ஈடுகொடுக்கும் ஓர் ஒலி அவருக்கு அவ்வாறு கிடைத்தது.

மெல்லோட்ரானில் ஒவ்வொரு கட்டைக்கும் முன்பே ஒலி பதிவு செய்யப்பட்ட ஒரு காந்த நாடா உண்டு. அந்த நாடா ஏறத்தாழ 8 நொடிகளில் தீர்ந்துவிடும் என்பதால், அக்காலக் கலைஞர்கள் நீண்ட கார்டுகளை இடையிடையே விட்டுப் பிடித்து வாசித்தார்கள். 1970 இல் வெளிவந்த மினிமூக் என்னும் சின்தசைசர் ஒரே நேரத்தில் ஒரு ஸ்வரத்தை மட்டுமே ஒலிக்கக்கூடியது. அது தனி மெட்டுக்கும் பேஸ் வரிக்கும் உரிய கருவி. 1983 இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசர் கண்ணாடி மணி போன்ற எலக்ட்ரிக் பியானோ ஒலியை எங்கும் பரப்பியது. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கலைஞரையேனும் தேர்ந்தெடுத்து, அவர் வாசித்ததைக் காதால் கேட்டே பிரித்து எழுதிப் பழகுங்கள்.

இரண்டாம் படி: கருவி வாங்குதல்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பியானோ போன்ற கனமான கட்டைகள் 88 கொண்ட கருவி வீட்டுப் பயிற்சிக்கு மிகச் சிறந்தது. ஆனால் அதன் எடையை வாரத்துக்கு இருமுறை ஒத்திகைக் கூடத்துக்குச் சுமக்க வேண்டியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 73 அல்லது 61 கட்டைகள் கொண்ட இலகுவான கருவியோடு தொடங்குவதில் தவறில்லை. ஒலிகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல் மூன்று வசதிகளைப் பாருங்கள்: கட்டை வரிசையை இரண்டாகப் பிரித்து இரு ஒலிகளை வாசிக்க முடிகிறதா, ஒலி மாறும்போது முந்தைய ஒலி வெட்டுப்படாமல் ஓய்கிறதா, ஒலியளவுக்கான பெடலை இணைக்க இடம் இருக்கிறதா. எஞ்சும் பணத்தை உறுதியான தாங்கிக்கும் ஒலியை நீட்டித் தரும் தரமான சஸ்டெயின் பெடலுக்கும் செலவிடுங்கள். ஆடும் தாங்கியின் மீது எத்தனை விலையுயர்ந்த கருவியை வைத்தாலும் நம்பிக்கையோடு வாசிக்க முடியாது.

மூன்றாம் படி: கைகளையும் காதையும் பழக்குதல்

செவ்வியல் பியானோ கற்றவர்களுக்கு விரல் வேகம் இருக்கும். ராக் குழுவில் முதலில் தேவைப்படுவது கார்டுகளை அவற்றின் எல்லாத் திருப்பங்களிலும், அதாவது எந்த ஸ்வரம் அடியில் வந்தாலும், உடனடியாகப் பிடிக்கும் திறமை. ஒரு கார்டில் உள்ள மூன்று ஸ்வரங்களில் அடுத்த கார்டுக்கும் பொதுவானதை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றவற்றை அருகிலுள்ள கட்டைக்கு மட்டும் நகர்த்திப் பழகுங்கள். கை கட்டை வரிசை முழுவதும் தாவிக்கொண்டிருந்தால் கேட்பவரின் கவனமும் தாவும். கை ஓரிடத்தில் நிலைத்திருந்தால் பாட்டு நிலைத்திருக்கும். தாள எண்ணிக்கையைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் வைத்து, கார்டு ஒன்றை நான்கு எண்ணிக்கை முழுவதும் பிடித்து, சரியாக ஐந்தாவது எண்ணிக்கை பிறக்கும் இடத்தில் விடுவதையும் ஒரு பயிற்சியாகவே செய்ய வேண்டும். தொடங்கும் இடத்தில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். நிறுத்தும் இடத்தில் கவனமாக இருப்பவர்கள் குறைவு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புதிதாகப் பியானோ கற்பவர்கள் சி, எஃப், ஜி போன்ற சுருதிகளில் வளர்கிறார்கள். கிட்டார் கலைஞர்களோ தம் திறந்த தந்திகளுக்கு ஏற்ற ஈ, ஏ, டி, ஜி ஆகியவற்றில் பாடல் எழுதுகிறார்கள்; சில குழுக்கள் எல்லாத் தந்திகளையும் அரைச் சுருதி தாழ்த்தி ஈ ஃப்ளாட்டில் வாசிக்கின்றன. சுருதி மாற்றும் பொத்தான் இதற்கு எளிய வழியாகத் தோன்றும். மேடையின் பரபரப்பில் அதை அழுத்த மறந்துவிட்டு முதல் கார்டை அரைச் சுருதி தள்ளி வாசிப்பது, கேட்பவர் ஒருவர்கூடத் தவறவிடாத பிழை. எனக்கே ஒரு நிகழ்ச்சியில் அது நேர்ந்திருக்கிறது. அன்றிலிருந்து எல்லாச் சுருதிகளிலும் பழகுவதே நேர்வழி என்று இருக்கிறேன்.

நான்காம் படி: குழுவின் ஒலிக்குள் இடம் கண்டறிதல்

இக்கட்டுரையின் மையம் இதுவே. தனியாக வாசிக்கும்போது பியானோ கலைஞரின் இடது கை பேஸையும், வலது கை மெட்டையும், இரண்டும் சேர்ந்து தாளத்தையும் சுமக்கின்றன. குழுவுக்குள் நுழைந்ததும் அந்தச் சுமைகளை ஏற்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த ஈ ஸ்வரம் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ், கிட்டாரின் மிகத் தாழ்ந்த ஈ ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ். பேஸ் டிரம்மின் கனமும் அதே தாழ்ந்த பகுதியில்தான் குவிகிறது. கீபோர்டு கலைஞரின் இடது கை அங்கே இறங்கி ஸ்தாயிகளைத் தட்டத் தொடங்கினால், மூன்று கருவிகளும் ஒன்றையொன்று மறைத்து, அரங்கில் தெளிவற்ற முழக்கமே மிஞ்சும். எனவே முதல் சில மாதங்களுக்கு ஒத்திகைகளில் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் வாசித்துப் பாருங்கள். குழுவின் ஒலி எவ்வளவு தெளிவடைகிறது என்பதை நீங்களே கேட்பீர்கள். பிறகு, எங்கே உண்மையாகவே குறை தெரிகிறதோ அங்கே மட்டும் இடது கையைக் கொண்டுவாருங்கள்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. தி டோர்ஸ் குழு மேடையில் பேஸ் கிட்டார் கலைஞர் இல்லாமலேயே இயங்கியது. ரே மன்சாரெக் இடது கையால் ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ பேஸையும் வலது கையால் ஆர்கனையும் வாசித்தார். அங்கே இடம் காலியாக இருந்தது. அவர் அதை நிரப்பினார். இரண்டு நிலைகளிலும் முடிவைத் தீர்மானிப்பது உங்களைச் சுற்றி யார் என்ன வாசிக்கிறார்கள் என்பதே.

அடுத்து கிட்டாருடனான உறவு. கரகரப்பு மிகுந்த ராக் கிட்டாரில் வாசிக்கப்படும் பவர் கார்டில் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே இருக்கின்றன, காந்தாரம் இல்லை. அதிகக் கரகரப்பில் காந்தாரத்தைச் சேர்த்தால் ஒலி கலங்கிவிடும் என்பதால் கிட்டார் கலைஞர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். ஒரு கார்டு மேஜரா மைனரா என்பதைச் சொல்வது அந்தக் காந்தாரம்தான். அதாவது, கிட்டாரும் பேஸும் திறந்து வைத்திருக்கும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு பெரும்பாலும் கீபோர்டு கலைஞரின் ஒரே ஒரு விரலில் இருக்கிறது. நடு ஸ்தாயிக்கு மேலே அந்த ஒரு ஸ்வரத்தையும் அதோடு இன்னொன்றையும் சேர்த்து ஆர்கனில் பிடித்து வைத்தாலே பாட்டின் முகம் மாறிவிடும். பத்து விரல்களாலும் கார்டை நிரப்புபவருக்கு இந்த வலிமை தெரியாமலே போய்விடுகிறது. பாடகர் அந்த இடத்தில் எந்தக் காந்தாரத்தைப் பாடுகிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். குரல் ஒன்று சொல்ல, கீபோர்டு வேறொன்று சொல்லக் கூடாது.

தாளத்திலும் இவ்வாறே. கிட்டார் தாளச் சுற்றை எட்டாக வெட்டி அடித்துக்கொண்டிருந்தால் நீங்கள் நீண்ட கார்டுகளைப் பிடியுங்கள். கிட்டார் நீண்டு ஒலித்தால் பியானோவில் நீங்கள் வெட்டுங்கள். பாடகர் வரியைப் பாடும்போது அடங்கி, வரிகளுக்கிடையே மூச்சு வாங்கும் இடத்தில் பேசுங்கள். 1965 இல் பாப் டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பதிவின்போது அடிப்படையில் கிட்டார் கலைஞரான அல் கூப்பர் ஆர்கனுக்கு முன் அமர்ந்தார். கார்டு மாறுவதைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே கட்டையை அழுத்தியதால், அவருடைய ஆர்கன் மற்றவர்களைவிடச் சற்றே பிந்தி வருகிறது. டிலன் அந்த ஆர்கனைக் கூட்டி வைக்கச் சொன்னார். இன்று அப்பாடலை அது இல்லாமல் நினைத்துப் பார்க்கவே முடியாது. கேட்ட பிறகு வாசிப்பது என்ற ஒழுக்கத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் படி: ஒத்திகை

குழு ஒன்று உங்களை வந்து வாசித்துக் காட்டும்படி அழைத்தால், அவர்களுடைய பாடல்களுக்கான கார்டு வரிசையை ஒரு பக்கத்துக்குள் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பாடல் எத்தனை பகுதிகள், ஒவ்வொன்றிலும் எந்த ஒலி, எங்கே மௌனம் என்பவையும் அதில் இருக்கட்டும். ஒலிகளைப் பாடல் வரிசைப்படியே கருவியில் சேமித்து வையுங்கள். ஒரு பாடலுக்கும் அடுத்ததற்கும் இடையே தேடிக்கொண்டிருப்பவருக்காக மற்ற நால்வரும் காத்திருப்பது உறவைக் கெடுக்கும். எல்லா ஒலிகளின் அளவையும் ஒத்திகைக் கூடத்தில், டிரம்ஸ் ஒலிக்கும்போதே சமன்படுத்த வேண்டும். வீட்டில் ஹெட்ஃபோனில் கம்பீரமாக ஒலித்த பியானோ அங்கே காணாமல் போவதும், அடக்கமாகத் தோன்றிய சின்தசைசர் எல்லோரையும் விழுங்குவதும் வழக்கம். கருவியில் சேர்க்கும் எதிரொலி, ரிவெர்ப் விளைவுகளை வீட்டில் வைத்த அளவில் பாதியாகக் குறையுங்கள். அரங்கமே மீதியைச் சேர்த்துக்கொள்ளும்.

ஆறாம் படி: மேடை

கருவியின் மின்குறியை நேரடியாக நீண்ட கம்பி வழியே ஒலிக்கலவைப் பலகைக்கு அனுப்பினால் இரைச்சல் சேரும் என்பதால், இடையே டிஐ பாக்ஸ் என்னும் மின்குறி மாற்றும் சிறு பெட்டி ஒன்றை வைப்பார்கள். அரங்கில் அது இருக்கும் என்று நம்பியிருக்காமல் சொந்தமாக வைத்திருங்கள். பல அரங்குகளில் ஒலி மோனோவாகவே, அதாவது இடம் வலம் என்ற பிரிவின்றி ஒரே தடமாகவே, வெளிவரும். ஸ்டீரியோவில் அகன்று ஒலிக்கும் பியானோ, இரு பக்கங்களும் ஒன்றாகச் சேரும்போது மெலிந்து தட்டையாகக் கேட்கலாம். ஆகவே மோனோவுக்கென்றே பதிவு செய்யப்பட்ட பியானோ ஒலி ஒன்றைத் தயாராக வைத்திருப்பது அவசியம். சஸ்டெயின் பெடலை மிதித்தபடியே கருவியை இயக்கினால் பல கருவிகளில் அதன் செயல் தலைகீழாகிவிடும். கால் எடுத்தால் நீளும், மிதித்தால் நிற்கும். அப்படி நேர்ந்தால் பதறாமல், காலை எடுத்துவிட்டு, கருவியை அணைத்துத் திரும்ப இயக்குங்கள். வெளிநாட்டுப் பயணமானால் மின் அழுத்தத்தையும் பாருங்கள். சில நாடுகளில் 100 முதல் 120 வோல்ட் வரை, வேறு பல நாடுகளில் 220 முதல் 240 வோல்ட் வரை இருக்கும்.

டிரம்ஸ் கலைஞரின் கையும், பாடகரின் முகமும் கண்ணில் படும்படி கருவியைத் திருப்பி வையுங்கள். பெரும்பாலும் மேடையின் ஓரத்தில்தான் உங்களுக்கு இடம் தருவார்கள். அந்த ஓரத்திலிருந்து பார்வை தெளிவாக இருக்கிறதா என்பதை ஒலிச் சோதனையின்போதே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஏழாம் படி: வருமானமும் பெயரும்

கீபோர்டு கலைஞருக்கு மூன்று வாழ்க்கைப் பாதைகள் இருக்கின்றன. குழுவின் உறுப்பினராக இருந்து இலாப நட்டங்களில் பங்கேற்பது ஒன்று. சுற்றுப்பயணத்துக்கு மட்டும் சம்பளத்துக்கு வாசிப்பது மற்றொன்று. பல்வேறு கலைஞர்களின் பதிவுகளுக்கு ஸ்டூடியோவில் வாசிப்பது மூன்றாவது. இவற்றுள் ஒன்றை மட்டும் நம்பியிருக்காமல் இரண்டிலேனும் கால் வைத்திருப்பது நல்லது. ரிக் வேக்மன் 1971 இல் 'யெஸ்' (Yes) என்னும் ராக் குழுவில் சேர்வதற்கு முன்பே டேவிட் போவி முதலியோரின் பதிவுகளில் வாசித்துப் பெயர் பெற்றிருந்தார். நிக்கி ஹாப்கின்ஸ் ரோலிங் ஸ்டோன்ஸ், தி ஹூ, தி கிங்க்ஸ் ஆகிய குழுக்களின் பதிவுகளில் பியானோ வாசித்தார். நாள்பட்ட குடல் நோயால் நெடும்பயணங்கள் கடினமாக இருந்த அவருக்கு ஸ்டூடியோவே பொருத்தமான களமாக அமைந்தது.

உறுப்பினர் என்ற சொல் கவர்ச்சியானது. ஆனால் அது எப்போதும் வருமானத்தைக் குறிப்பதில்லை. பிங்க் ஃபிளாய்டின் நிறுவன உறுப்பினரான ரிச்சர்ட் ரைட், குழுவிலிருந்து விலகும் நிலை ஏற்பட்டபின் 1980-81 ஆம் ஆண்டுகளின் பிரம்மாண்ட மேடை நிகழ்ச்சிகளில் சம்பளக் கலைஞராக வாசித்தார். அந்நிகழ்ச்சிகளின் செலவு வரவை மிஞ்சியபோது, நட்டத்தைச் சுமக்காமல் ஊதியம் பெற்றவர் அவர் ஒருவரே. அந்தப் பிரிவு அவருக்கு வேதனையளித்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், எந்த நிலையில் சேர்கிறோம், நட்டம் வந்தால் யார் ஏற்பது என்பதை எழுத்தில் பெறாமல் பயணம் கிளம்பக் கூடாது என்பதற்கு இதை நினைவில் கொள்ளலாம்.

இதைவிட முக்கியமானது படைப்புரிமை. ஒரு பாடலில் இயற்றியதற்கான உரிமை வேறு, பதிவு செய்யப்பட்ட ஒலிக்கான உரிமை வேறு. நீங்கள் வாசித்த முன்னிசை அப்பாடலின் அடையாளமாகவே ஆகிவிட்டாலும், இயற்றியவர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லையென்றால் முதலாவது உரிமையில் உங்களுக்குப் பங்கு வராது. ப்ரோக்கல் ஹாரம் குழுவின் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' 1967 இல் வெளியானது. அதன் புகழ்பெற்ற ஆர்கன் மெட்டை வாசித்த மேத்யூ ஃபிஷர் 2005 இல் வழக்குத் தொடுத்தார். 2006 இல் இலண்டன் உயர் நீதிமன்றம் இசையின் படைப்புரிமையில் 40 விழுக்காட்டை அவருக்கு வழங்கியது. மேல்முறையீடுகளுக்குப் பிறகு 2009 இல் அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இடையில் கழிந்தவை 42 ஆண்டுகள். வழக்குக்கு முந்தைய ஆண்டுகளின் வருமானம் அவருக்குக் கிடைக்கவில்லை. எனவே பதிவு முடிந்த அன்றே, மற்றவர்கள் அறையில் இருக்கும்போதே, யார் எந்தப் பகுதியை உருவாக்கினார் என்று பேசி, பங்கு விகிதத்தை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். நண்பர்களிடம் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். பாட்டு புகழ் பெற்ற பிறகு கேட்பது இன்னும் கடினம். இசை உரிமைச் சங்கம் ஒன்றில் பாடலைப் பதிவு செய்யும்போது அந்தத் தாளையே ஆதாரமாக வையுங்கள்.

எட்டாம் படி: உடலும் நீண்ட பயணமும்

அமெரிக்கப் பணிநலப் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரையே கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. 100 டெசிபலில் கிடைப்பது 15 நிமிடம்தான். ராக் மேடையில் அந்த அளவு எளிதில் எட்டிவிடும் என்பதால், இசைக் கலைஞர்களுக்கென்று தயாரிக்கப்படும் காதடைப்பான்களையோ காதுக்குள் பொருத்திக் கேட்கும் இன்-இயர் மானிட்டர்களையோ முதல் ஒத்திகையிலிருந்தே அணியுங்கள். கைகளுக்கும் இதே கவனம் வேண்டும். முன்கை தரைக்கு இணையாக இருக்கும்படி கருவியின் உயரத்தை அமையுங்கள். இரண்டு அடுக்காகக் கருவிகளை வைத்தால் அதிகம் வாசிப்பது கீழே இருக்கட்டும். மூச்சுமுட்டும் வேகத்தில் வாசித்துப் புகழ்பெற்ற கீத் எமர்சன், 1993 இல் வலது கை நரம்புக் கோளாறால் ஓராண்டு வாசிப்பை நிறுத்த நேர்ந்தது. மணிக்கட்டில் மரத்துப்போதலோ எரிச்சலோ தோன்றினால் அன்றைக்கே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

பயணத்திலிருந்து விலகுவதும் இவ்வாழ்க்கையின் ஒரு பகுதியே. ஃபிளீட்வுட் மேக் குழுவில் கீபோர்டு வாசித்துப் பாடல்கள் எழுதிப் பாடிய கிறிஸ்டின் மெக்வீ 1998 இல் விலகி, 2014 இல் திரும்பி வந்தார்; அவர் எழுதிய பாடல்களில் அவருடைய பெயர் இருந்ததால் அந்த இடைவெளி அவருடைய இடத்தை அழித்துவிடவில்லை. ஜான் லார்டு 2002 இல் டீப் பர்ப்பிளிலிருந்து ஓய்வு பெற்றபோது டான் ஏரி அந்த இருக்கைக்கு வந்தார். நீங்களும் ஒருநாள் விலகவோ, வேறொருவர் விட்டுச் சென்ற இடத்தில் அமரவோ நேரலாம். அதற்காக, ஒவ்வொரு பாடலுக்குமான ஒலித் தொகுப்பு, இழுப்புக் கம்பிகளின் நிலை, கட்டை வரிசை பிரியும் இடம், கார்டு வரிசை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, கருவியின் சேமிப்பையும் தனியே நகல் எடுத்து வைத்து, ஒவ்வொரு சுற்றுப்பயணத்தின் முடிவிலும் இரண்டையும் திருத்திக்கொள்ளுங்கள்.